செயின் எங்கே நீள்கிறது?

பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். செயின் மேலும் கீழுமாக நாற்பது மில்லிமீட்டர் ஆடியது. வண்டியோடு வந்த புத்தகம் 20 முதல் 30 வரை இருக்கலாம் என்றது. மெக்கானிக்குக் கால்மணி நேர வேலைதான், நாமே செய்து பார்த்தால் என்ன? பின்சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டுக்கும் முழுசாக ஒரு சுற்று கொடுத்தேன். செயின் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது.

ஒரே சுற்றுக்கு இவ்வளவா?

மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். ஐந்து மீட்டர் கொடியில் இரண்டு விரற்கடை நீளம் கூடிப்போனால், நடுவில் ஒரு சாணுக்கு மேல் தொங்கிவிடும். செயினும் அப்படித்தான். சிறிய பைக்கில் முன் பல்சக்கரத்திலிருந்து பின் பல்சக்கரம் வரை சுமார் 57 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க, செயின் நீளத்தில் 0.35 மில்லிமீட்டர் உபரி இருந்தால் போதும். 40 மில்லிமீட்டர் ஆட வேண்டுமென்றால் 1.4. அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே ஆட்டம் இரட்டிப்பாகிறது. செயின் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசையாக ஓடுவதால், சக்கரத்தை அரை மில்லிமீட்டர் பின்னால் இழுத்தாலே அந்த ஒரு மில்லிமீட்டர் தீர்ந்துவிடும். அட்ஜஸ்டர் மரையோ ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் நகரும். நான் கொடுத்திருக்க வேண்டியது அரைச் சுற்றுக்கும் குறைவு!

சரி, அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? "செயின் நீண்டுபோச்சு" என்கிறோம், ஆனால் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. மான்செஸ்டரில் நூற்பாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் கொண்டுவந்த வடிவம்தான் இன்றும் நம் வண்டியில் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஆணி மாதிரி ஒரு பின் (pin), அதைச் சுற்றி சிறு குழாய் மாதிரி ஒரு புஷ், அதற்கு மேல் உருளும் ரோலர். கண்ணி மடங்கி நிமிரும்போதெல்லாம் அந்தப் பின், புஷ்ஷுக்குள் தேய்கிறது. ஒரு இணைப்பில் 0.01 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், அது தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. 110 கண்ணி உள்ள செயினில் அதுவே சேர்ந்து 1.1 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆயிலில் ஒட்டிய மணல் இதை வேகமாகச் செய்யும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் முழு செயின் கவரை நான் விரும்புவது இதனால்தான்.

அப்படியானால் ஆட்டமே இல்லாமல் இறுக்கிவைத்தால் என்ன? பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு கீலில் ஆடுகிறது. முன் பல்சக்கரம் அந்தக் கீலில் இல்லை, அதற்கும் முன்னால் இருக்கிறது. ஆகவே சக்கரம் மேலே ஏறும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மாறுகிறது. முன் பல்சக்கரம், கீல், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அது அதிகபட்சம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கும்போதுதான் அந்தக் கோடு அமையும். அப்போது செயினில் உபரி இல்லையென்றால், இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்குக்கும் சக்கர பேரிங்குக்கும் போகும். மெக்கானிக் கூலி 40 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பேரிங் மாற்றும் செலவு.

விறைத்த செயினைத் தளர்த்த நட்டைத் திருப்பினேன். சக்கரம் அசையவில்லை. அட்ஜஸ்டர் பின்னால் இழுக்கத் தெரிந்தது, முன்னால் தள்ளத் தெரியாதது. டயரில் காலை வைத்து முன்னால் உந்தியபிறகுதான் செயின் தளர்ந்தது. அப்புறம் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று மெதுவாக. இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளில் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகி, செயின் பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் அரைக்கும்.

செயின் எல்லா இடத்திலும் சமமாகத் தேய்வதில்லை. சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது இதைச் செய்யவே கூடாது, பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே போன விரல் திரும்ப வராது. பின் பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. செயினோடு இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

ஆக்சில் நட்டை முறுக்கியபின் செயினை மறுபடி அளந்தேன், 25 காட்டியது. ஆனால் சக்கரத்தைச் சுற்றினால் சர்ரென்று உரசல். டிரம் பிரேக் வண்டி. சக்கரம் பின்னால் போனதும் பிரேக் கம்பியும் இழுபட்டிருந்தது. கம்பியின் கடைசி நட்டை இரண்டு திருப்பு தளர்த்தியதும் சத்தம் நின்றது.