54 சதத்துக்கு எத்தனை கிலோ அரிசி?

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "1927 குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். லண்டன் கூலியாளின் சம்பளத்தோடு இதை ஒப்பிட முடியுமா?"

முடியும். சதத்தை ஷில்லிங்காக மாற்றினால் மட்டும் போதாது, சாப்பாட்டு விலை ஊருக்கு ஊர் வேறு. அதற்குத்தான் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் அலன் ஒரு கூடையைக் கட்டினார். ஓர் ஆள் ஒரு வருஷம் உயிரோடிருக்க என்னென்ன வேண்டும்? தென்சீனாவுக்கு அவர் குழு போட்ட கணக்கு: அரிசி 171 கிலோ, அவரை வகை 20 கிலோ, இறைச்சி 3 கிலோ, எண்ணெய் 3 கிலோ, துணி 3 மீட்டர், கொஞ்சம் சவர்க்காரம், விளக்குக்கு எண்ணெய், விறகு. லண்டன் கூடையில் அரிசிக்குப் பதில் ஓட்ஸ். தானியம் மாறினாலும் கலோரி ஏறத்தாழ அதேதான். குடும்பத்துக்கு மூன்று கூடை. வருஷச் சம்பளத்தை அந்த மூன்று கூடையின் விலையால் வகுங்கள். 1 வந்தால் உயிர் தங்கும், அவ்வளவுதான். இத்தனை எளிய வகுத்தலில் இரண்டு கண்டங்கள் ஒரே தராசில் ஏறுவது எனக்கு அலுக்காத ஆச்சரியம்.

வருஷத்துக்கு 250 வேலைநாள் என்பது அலனின் ஊகம். நமக்கு ஊகம் வேண்டாம், தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேடான செக்ரோல் இருக்கிறது. முழுப் பேர் (முழுநாள் வேலை) எத்தனை, அரைப் பேர் (அரைநாள்) எத்தனை என்று ஆள்வாரியாக அதில் விழுந்திருக்கும். பக்கத்திலேயே, தோட்டம் கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் பிடித்த காசு. அந்த அரிசிக்குக் கடை விலையைப் போட்டால் விடை தப்பாகிவிடும். அரிசி அளந்ததோ புசலில். புசல் என்பது 36 லீட்டர் கொள்ளளவு, கிலோ அல்ல. அதனால் தரவைப் பகிர்பவர் மாற்றிய எண்ணோடு மூல அளவையும் தர வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உலக விலை, வருமான வரலாற்றுக் குழு பல நாட்டு விலைகளை யாரும் எடுத்தாளும்படி இலவச அட்டவணைகளாக வைத்தது. ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்த அதுவே வழி.

சின்ன வயதில் ஒரு தோட்டத்துக் கடையில் கடலை வாங்கினேன். சுற்றித் தந்த தாளில் ஊதா மையில் பெயர்கள், எதிரே கோடுகள், சில பாதிக் கோடுகள். கடலையைத் தின்றுவிட்டுத் தாளை எறிந்துவிட்டேன். மிஞ்சிய செக்ரோல்களைப் படமெடுக்கவாவது ஆய்வுப் பணம் ஒதுக்க வேண்டும், அதுவும் இந்த வருஷமே.

தங்கச்சி, உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய சம்பளத் துண்டு இருந்தால், அரிசிக்குப் பிடித்த வரியை முதலில் பாருங்கள்.