திறக்க மறுக்கும் வாசல்

தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அது வயிற்றுக்குப் போய்ச் சேரும். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக் குழல். நாம் விழுங்கியதும் மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி உணவைத் தள்ளுகிறது. அடியில், வயிற்றின் வாசலில், எப்போதும் இறுகியிருக்கும் சுருக்குத்தசை ஒன்று உண்டு. அலை வரும்போது அது நெகிழ்ந்து வழிவிட வேண்டும்.

அந்த வாசல் திறக்காமல் போவதுதான் அக்கலேசியா. ‘நெகிழ்ந்துகொடு’ என்று நைட்ரிக் ஆக்சைடு மூலம் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. ‘இறுகு’ என்பவை மிஞ்சுகின்றன. ஆண்டுக்கு லட்சத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. திட உணவோடு தண்ணீரும் சிக்கிக்கொள்ளும். படுத்தால், தேங்கியது தொண்டைக்கு ஏறும். அதை அமிலத் தொல்லை என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு.

1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கல எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, நோயாளியின் தொண்டை வழியே விட்டு உணவைத் தள்ளவைத்தார். கேட்கவே குமட்டுகிறது, ஆனால் யோசனை சரிதான்: செத்த நரம்பை மீட்க முடியாது, வாசலையாவது திறக்கலாம். இன்றும் அதைத்தான் செய்கிறோம். 1913இல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் வயிற்றைத் திறந்து, உள்சவ்வைத் தொடாமல் தசையை மட்டும் அறுத்தார். 1990களில் அதே வேலை, வயிற்றில் துளையிட்டுக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோப்பியில், சில சிறு துளைகளுக்குள் அடங்கியது.

ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008இல் அந்தத் துளைகளையும் வேண்டாம் என்றார். வாய் வழியே எண்டோஸ்கோப், அதாவது கேமரா பொருத்திய வளையும் குழாய், இறங்குகிறது. வாசலுக்குப் பல செ.மீ. மேலே, உள்சவ்வுக்கு அடியில் நீலச்சாயம் கலந்த உப்புநீரைச் செலுத்தினால் சவ்வு கொப்புளம்போல எழும்பும். அங்கே சுமார் 2 செ.மீ. கீறி, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே கருவியை நுழைத்து, வயிற்றின் தொடக்கம் வரை சுரங்கம் தோண்டுகிறார்கள். தசையை அறுப்பது அந்தச் சுரங்கத்துக்குள் இருந்துதான். வெளியே வந்ததும் கீறலைக் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள்.

சவ்வில் போட்ட கீறல் மேலே, தசையில் போட்ட வெட்டு கீழே. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் உணவும் எச்சிலும் நெஞ்சுக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். இப்போதோ வெட்டின் மேல் முழுச் சவ்வு போர்வையாகக் கிடக்கிறது. இந்த முறையில் என்னை அசத்துவது இதுதான்.

அப்புறம், திறந்த வாசல் இரு பக்கமும் திறந்ததுதானே? லேப்ராஸ்கோப்பியில் வயிற்றின் ஒரு பகுதியை மடித்துத் தைத்து அமிலத்தைத் தடுப்பார்கள். சுரங்க முறையில் வழக்கமாக அது இல்லை. 221 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து நிவாரணம் ஏறக்குறைய சமம்: 83%, 82%. அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணானது சுரங்க முறையில் 44%, மற்றதில் 29%. அதனால் பலருக்கு அமில மாத்திரை தொடர்கிறது.

தசையை அறுத்ததும் பழைய அலை திரும்பிவிடுவதில்லை. பெரும்பாலும் உணவு தன் எடையில்தான் இறங்குகிறது. அறுவைக்குப் பிறகும் இவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.