அரசின் கவனத்துக்கு அளவுகோல் உண்டா?

"மழை வந்தால் வடிகாலைப் பற்றிப் பேசுகிறார்கள், கோடை வந்தால் மறந்துவிடுகிறார்கள். இந்த மறதியை அளக்க முடியுமா?" என்று வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டலாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் அளக்க முடியும். அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் ஃபிராங்க் பாம்கார்ட்னரும் பிரையன் ஜோன்ஸும் 1990களில் தொடங்கிவைத்த வழி இது. நாடாளுமன்ற விசாரணைகள், சட்டங்கள், நிதி ஒதுக்கீடுகள் என்று அரசு விட்டுச்செல்லும் காகிதங்களைச் சுகாதாரம், வேளாண்மை, வீட்டுவசதி போன்ற சுமார் 20 தலைப்புகளில் அடுக்குவார்கள். ஒரு காகிதத்துக்கு ஒரே தலைப்பு. "ஏரிக்கரையில் வசிப்போருக்கு மாற்று வீடு வழங்க அரசு ஆவன செய்யுமா?" என்று நம் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அது நீர்நிலையா, வீட்டுவசதியா? இருவர் தனித்தனியே குறியிடுவார்கள். முரண்பட்டால் விதிகளைத் திருத்துவார்கள். தலைப்புப் பட்டியலை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் 1967ஐயும் 2023ஐயும் ஒப்பிட வழியில்லை. கடைசியில் எண்ணிக்கையைச் சதவீதமாக்குவார்கள். அவைக்கு இருக்கும் நேரம் கொஞ்சம். வெள்ளம் கூடினால் வேறேதோ குறைந்தாக வேண்டும்.

இதுவரை குமாஸ்தா வேலை. அழகு இனிமேல்தான்.

ஒவ்வொரு தலைப்பும் முந்தைய ஆண்டைவிட எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று கணக்கிட்டு, எல்லாத் தலைப்புகளையும் எல்லா ஆண்டுகளையும் ஒரே வரைபடத்தில் கொட்டுங்கள். வரும் செய்திக்கெல்லாம் அரசு அளவாக அசைந்துகொடுத்தால், பிளஸ் டூவில் படித்த மணி வடிவ வளைகோடு கிடைக்க வேண்டும். கிடைப்பதோ வேறு: நடுவில் ஊசிபோல் ஓர் உச்சி, மெலிந்த தோள்கள், இரு பக்கமும் நீண்டுகொண்டே போகும் வால். பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றுமே நடக்கவில்லை. சில ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம். இரண்டுக்கும் நடுவிலுள்ள நிதானமான திருத்தம்தான் அபூர்வம்.

இந்த வடிவத்தை ஒற்றை எண்ணாகச் சொல்வது குர்டோசிஸ். ஒவ்வொரு மாற்றமும் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (மாற்றங்கள் சராசரியைச் சுற்றிப் பொதுவாகச் சிதறும் அளவு) தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதை நான்காம் படிக்கு உயர்த்தி, சராசரி எடுக்க வேண்டும். 1 அப்படியே 1. ஆனால் 2 என்பது 16, 3 என்பது 81, 5 என்பது 625! சில்லறை மாற்றங்கள் கரைந்துபோக, பூகம்பங்கள் மட்டும் உரக்கப் பேசும். அந்த மணி வடிவ வளைகோட்டுக்கு, அதாவது இயல்நிலைப் பரவலுக்கு, இந்த எண் 3. பல நாடுகளின் நிதி ஒதுக்கீடுகளில் அது 3ஐத் தாண்டி எங்கோ நிற்கிறது.

இன்னும் ருசியான செய்தி: கேள்விகளில் இந்த எண் குறைவு, சட்டங்களில் அதிகம், பணத்தில் மிக அதிகம். கேள்வி கேட்க யாருக்கும் செலவில்லை. பணம் நகர துறை, நிதித்துறை, அமைச்சரவை என்று கோப்பு உராய்ந்து உராய்ந்து போக வேண்டும். மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவு மாதிரிதான். மெல்ல இழுத்தால் அசையாது. பலமாக இழுத்தால் படாரென்று திறந்து நம்மையே தள்ளிவிடும். உராய்வு கூடக்கூட வாலும் நீளும்.

சென்னைக்கு இது புதிதல்ல. எத்தனையோ வறட்சிகளில் பேசிப்பேசிக் கிடந்த மழைநீர் சேகரிப்பு, 2003இல் மாநிலம் முழுக்கக் கட்டாயமானது. பிறகு 2015 டிசம்பர் வெள்ளம். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் மழை வேண்டிக் கோயில்களில் யாகமும் நடந்தது. எந்தக் கட்சி ஆண்டால் மழை பெய்யும் என்று இன்றும் டீக்கடையில் வாதிடுகிறோம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தலைப்புவாரியாகக் குறியிட ஓர் ஆய்வுக் குழுவுக்குச் சில ஆண்டுகள் சம்பளம் கொடுப்பது அந்த வாதத்தைவிடப் பயனுள்ளது என்பது என் கட்சி. சமூக அறிவியலுக்குப் பணம் கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்?

தாமாகவே எண்ணிப் பார்க்க விரும்புவோர், மானியக் கோரிக்கைகளின்போது துறைகள் அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளில் தொடங்கலாம். ஒரு பொறி மட்டும் உண்டு. 2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. பக்கங்களை மட்டும் எண்ணுகிறவருக்கு அந்த ஆண்டு வேளாண்மை ஒரேயடியாக எகிறியதாகத் தெரியும். ஒதுக்கப்பட்ட தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், கவனம் எவ்வளவு கூடியது, காகிதம் எவ்வளவு கூடியது என்று பிரிக்க முடியும்.