ஊரடங்கு வேறு, பொதுமுடக்கம் வேறு

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு திருத்தங்களோடு என் கைக்குத் திரும்பி வந்தது. கொரோனா இரண்டாம் அலையின்போது தமிழ்நாடு அரசு எடுத்த நடவடிக்கைகளைப் பற்றிய அறிக்கை அது. நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: "2021 ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கும், மே 10 முதல் பொதுமுடக்கமும் நடைமுறைக்கு வந்தன." சரிபார்த்தவர் பொதுமுடக்கத்தை அடித்துவிட்டு ஊரடங்கு என்று போட்டிருந்தார். இப்போது படித்துப் பாருங்கள்: "ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கும், மே 10 முதல் ஊரடங்கும்." முதலில் இருந்தது இரவு பத்து மணிக்கு மேல் வெளியே வராதே என்ற ஆணை. அடுத்து வந்தது கடை, அலுவலகம், பேருந்து எல்லாவற்றையும் நிறுத்திய ஆணை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. அறிக்கை நெடுக இதே திருத்தம். ஓரத்தில் ஒரு குறிப்பு: "மக்களுக்குத் தெரிந்த சொல்லைப் போடவும்."

2020 மார்ச்சிலிருந்து இந்தக் குறிப்பை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! இனி எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் ஊரடங்கு. ஊர் அடங்குவது ஊரடங்கு. புதிதாகச் செய்த சொல் என்று நினைக்க வேண்டாம். "ஊரடங்குற நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்று பாட்டிமார் கேட்கும் சொல்தான். குறுந்தொகையின் 6ஆம் பாட்டில் நள்ளிரவைச் சொல்லும்போது, பேச்சு அவிந்து மக்கள் "இனிது அடங்கினர்" என்று வருகிறது. இரவில் மனிதர் ஓய்வதற்கு அடங்குதல் என்று சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது. இதற்கு இணையான ஆங்கிலச் சொல் கர்ஃபியூ. "நெருப்பை மூடு" என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பிய ஊர்களில் மாலையில் ஒரு மணி அடிப்பார்கள். அது கேட்டதும் வீட்டு அடுப்பை மூடிவிட்டு உள்ளே அடங்க வேண்டும். அங்கே நெருப்பு, இங்கே பேச்சு. கர்ஃபியூவுக்கு ஊரடங்கு என்று முதலில் எழுதியவர் யாரோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம். மொழிபெயர்ப்பு இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம்.

நான் பொதுமுடக்கம் என்று எழுதிய லாக்டவுன் வேறு வம்சம். அமெரிக்கச் சிறைகளில் கலவரம் வந்தால் கைதிகளை அவரவர் அறைக்குள் வைத்துப் பூட்டி, சிறையின் அன்றாட வேலைகள் அத்தனையையும் நிறுத்தி வைப்பார்கள். அந்தப் பெயர் பள்ளிக்கு வந்து, பிறகு நகரத்துக்கு வந்து, 2020இல் நாடுகளுக்கே வந்தது. பிறப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

கர்ஃபியூ என்பது நேரத்தைப் பற்றியது: இந்த மணியிலிருந்து இந்த மணி வரை தெருவில் ஆள் இருக்கக் கூடாது. லாக்டவுன் என்பது இயக்கத்தைப் பற்றியது: எது ஓடலாம், எது நிற்க வேண்டும், எது பாதி ஓடலாம். பகல் முழுவதும் கடை திறந்திருக்கும் ஊரில் இரவு கர்ஃபியூ இருக்கலாம். கர்ஃபியூவே இல்லாமல் லாக்டவுன் இருக்கலாம். இரண்டும் ஒரே சமயத்திலும் இருக்கலாம்; 2020 மே மாத மத்திய உள்துறை ஆணையில் அப்படித்தான் இருந்தது. லாக்டவுன் நீட்டிப்பு ஒரு பக்கம், அதற்குள்ளேயே இரவு 7 முதல் காலை 7 வரை நடமாட்டத் தடை இன்னொரு பக்கம். அன்றைய தமிழ்ச் செய்திகளில் "ஊரடங்கின்போது இரவு ஊரடங்கு" என்று படித்தேன். படித்தவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு எல்லா மாவட்டங்களிலும் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் லாக்டவுன். 144 உத்தரவுக்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 22 அன்று, பிரதமர் கேட்டுக்கொண்டபடி ஒருநாள் "மக்கள் ஊரடங்கு" நடந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் கர்ஃபியூ இருந்தது, ஆகவே அந்தத் தமிழ் சரி. குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். நான்கு நாளுக்குள் மூன்று வெவ்வேறு அறிவிப்புகள் வந்தன. செய்தி வாசிப்பவர்களுக்கு நாக்கில் ஒட்டியிருந்தது ஒரே சொல். மூன்றுக்கும் அதையே போட்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சொல்லுக்கு முட்டுக் கொடுக்கும் வேலை தொடங்கியது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் "முழு ஊரடங்கு" என்றார்கள். அதற்கு முந்தின நாள், 25ஆம் தேதி சனிக்கிழமை, எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் நான் நின்ற வரிசை இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆறடி இடைவெளிக்குச் சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள் கால்பட்டு அழிந்தே போய்விட்டன. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் இரண்டு பைகள் நிறையத் தக்காளி வாங்கிக்கொண்டு, "நாளைக்குப் பால் வருமா தம்பி?" என்று கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் அம்மா கேட்டார்: "முழு ஊரடங்குன்னா, இத்தனை நாள் இருந்தது அரை ஊரடங்கா?"

அம்மாவின் கேள்வி சரியானது. அடங்கிவிட்ட ஊரை மேலும் முழுசாக எப்படி அடக்குவது? ஜூலையில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு "தளர்வுகளற்ற முழு ஊரடங்கு" வந்தது. ஒரே பொருளைச் சொல்ல மூன்று சொற்கள் தேவைப்பட்டன, முதல் சொல் தன் வேலையைச் செய்யாததால். செப்டம்பர் 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்துகள் ஓடின. நவம்பர் 10 அன்று திரையரங்குகள் திறந்தன. தீபாவளிக்குத் தியாகராய நகரில் கூட்டம் நெரிந்தது. அப்போதும் தாளில் இருந்தது "ஊரடங்கு நவம்பர் 30 வரை நீட்டிப்பு". படம் பார்க்கப் போகிற ஊரை ஊரடங்கில் இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, அடுத்த ஏப்ரலில் நிஜமாகவே இரவு ஊரடங்கு வந்தபோது அந்தச் சொல்லுக்கு எடையே இல்லாமல் போய்விட்டது. என் கோபம் இதில்தான். நோய்க்காலத்தில் அரசு சொல்லும் சொல்லைக் கேட்டு, பால் வருமா, பஸ் ஓடுமா, மருத்துவமனைக்குப் போகலாமா என்று மக்கள் முடிவெடுக்க வேண்டும். அந்தச் சொல்லே ஆளுக்கொரு பொருள் தந்தால் எப்படி முடிவெடுப்பது?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் 2020 ஏப்ரலில் தொலைபேசியில் பேசினார். இலங்கையில் மார்ச் 20 மாலை 6 மணிக்கே நாடு தழுவிய ஊரடங்கு வந்திருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சொல் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே காலை 6 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மளிகைக் கடை, காய்கறிக் கடை உண்டு என்று சொன்னேன். "கடை திறந்திருக்கெண்டு சொல்லுறியள், பிறகென்ன ஊரடங்கு?" என்றார். அவர்கள் ஊரில் சாமான் வாங்க விடுவதென்றால் ஊரடங்கை எடுத்துவிடுவார்கள். பிற்பகலில் மறுபடியும் போடுவார்கள். கடை திறந்த நேரத்தில் ஊரடங்கு கிடையாது. அவ்வளவு தெளிவு. 2021 மே மாதம் அங்கே வந்த ஆணைக்குப் பயணக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்தார்கள். ஆகஸ்டில் வந்ததற்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு என்றார்கள். என்ன ஆணையோ அதற்கு ஒரு பெயர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஊரடங்குச் சட்டம்" என்று ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. 144 என்பது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஒரு பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163ஆம் பிரிவாகிவிட்டது, என்றாலும் வாயில் வருவது 144தான். அதற்குத் தடை உத்தரவு என்ற நல்ல தமிழ்ப் பெயர் முன்பே இருக்கிறது. நாடு தழுவிய லாக்டவுனுக்கு ஆதாரமாக இருந்தது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இவை எல்லாவற்றையும் சேர்த்து "ஊரடங்குச் சட்டத்தை மீறியதாக வழக்கு" என்று எழுதினால், தன்மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது வழக்கு வாங்கியவருக்கே தெரியாது.

சரி, லாக்டவுனுக்கு என்ன சொல்வது? முழு அடைப்பு என்றால் பந்த். கடையடைப்பு வணிகர்களுடையது. கதவடைப்பு என்றால் ஆலை முதலாளி தொழிலாளரை உள்ளே விடாதது. இந்த மூன்றுக்கும் போராட்டக் களத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து பிடுங்கக் கூடாது. "வீட்டடங்கு" என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் ஆளை மட்டும் சொல்கிறது. நின்றுபோன ஆலையையும் ரயிலையும் சொல்லவில்லை.

முடக்கம் சொல்கிறது. இந்தச் சொல்லை நாம் எங்கெல்லாம் புழங்குகிறோம் என்று பாருங்கள். வங்கிக் கணக்கு முடக்கம், இணைய முடக்கம். 2017 மார்ச்சில் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியபோது அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ள யாரும் அகராதியைத் தேடவில்லை. பொருள் இருக்கிறது, அழிந்துவிடவில்லை, அதிகாரம் உள்ள ஒருவர் ஆணையிட்டு அதன் இயக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார், நாளை விடுவிப்பார். லாக்டவுனும் இதேதான். கணக்கை முடக்கினால் பணம் போய்விடாது, ஊரை முடக்கினால் ஊர் போய்விடாது.

இலக்கணமும் இந்தப் பக்கமே நிற்கிறது. அடங்கு என்பது தன்வினை, ஊர் தானாக அடங்குவது. செய்தவர் யார் என்று அந்தச் சொல்லில் இல்லை. இரவுக்கு அது பொருந்தும், பொழுது போனால் ஊர் அடங்கத்தானே செய்யும். ஆனால் பட்டப்பகலில் கோயம்பேடு சந்தையை 2020 மே 5 அன்று மூடியபோது அது தானாக அடங்கவில்லை, அரசு மூடியது. முடக்கம் என்ற சொல்லில் இரண்டுக்கும் இடம் உண்டு: அரசு முடக்கியது, ஊர் முடங்கியது. முன்னால் பொது சேர்ப்பது பொது விடுமுறையில் சேர்ப்பது போல, ஓர் ஆளுக்கோ ஒரு கணக்குக்கோ இல்லாமல் எல்லாருக்கும் என்று காட்ட. பகுதி முடக்கம், முழு முடக்கம், ஞாயிறு முடக்கம் என்று எந்த முட்டும் இல்லாமல் கிளை விடுகிறது. சில நாளிதழ்கள் அப்போதே பொதுமுடக்கம் என்று எழுதின. அவர்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

"முடக்கம் என்றால் முடக்குவாதம் நினைவு வருகிறதே, மங்கலமாக இல்லையே" என்கிறார்கள். மங்கலமாக இருக்க இது கல்யாணப் பத்திரிகையா? தினக்கூலிக்காரர் கையில் காசில்லாமல், சொந்த ஊருக்குப் போக வண்டியும் இல்லாமல் கிடந்த நாட்கள் அவை. முடக்கம் என்பதே அதற்கு உண்மையான பெயர். அடங்குதல் என்று சொன்னால் ஏதோ எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனதுபோல் ஆகிறது.

மக்களுக்குத் தெரிந்த சொல் என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்கிறேன். மக்கள் பேச்சில் அன்று இருந்தது லாக்டவுன். "லாக்டவுன்ல கல்யாணம் ஆச்சு" என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால்கூட எனக்கு வருத்தம் இல்லை. இ-பாஸை இ-பாஸ் என்றே எழுதினோம், யாருக்கும் குழப்பம் வரவில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டிருந்தால் இந்தச் சங்கடங்களில் பாதி வந்திருக்காது. தொற்று வந்த வீட்டையும் தெருவையும் தகரத் தடுப்பு வைத்து மறித்தபோது, அறிக்கைகளில் அது கட்டுப்படுத்தப்பட்ட பகுதி ஆனது. எங்கள் தெருவில் "மூணாவது வீட்டுக்குத் தகரம் அடிச்சாச்சு" என்றார்கள். அதைக் கேட்ட குழந்தைக்கும் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தெரிந்தது. அதேபோல் நோய் வந்தவரைப் பிரித்து வைப்பதற்கும், வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டவரை 14 நாள் கண்காணிப்பில் வைப்பதற்கும் தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல்லைப் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்ததால் வீட்டில் இருக்கச் சொல்லப்பட்ட ஆளை, கொரோனா வந்தவர் என்றே தெரு ஒதுக்கியது. வாசலில் ஒட்டிய தாளில் அந்த ஒரே சொல்தானே இருந்தது? முதலாமவரைப் பிரித்துவைத்தல் என்றும், இரண்டாமவரைத் தொற்றுக் கண்காணிப்பில் வைத்தல் என்றும் எழுதியிருக்கலாம். இரண்டும் புதுச் சொற்களும் அல்ல.

அறிக்கைக்கு வருகிறேன். திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரவு நேரத் தடையைச் சொல்லும் இடங்களில் ஊரடங்கு என்று இருந்ததை அப்படியே விட்டேன். 144 வரும் இடங்களில் தடை உத்தரவு என்று மாற்றினேன். மீதி இடங்களில் எல்லாம் பொதுமுடக்கத்தைத் திரும்பப் போட்டு, அந்த ஓரக்குறிப்புக்குக் கீழே, அறிக்கையின் ஏப்ரல் 20, மே 10 வாக்கியத்தை இரண்டு விதமாகவும் எழுதி, வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டி எது புரிகிறது என்று கேட்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.