தோளில் இருக்கிற கிளி பொதுச்சொத்து இல்லை

வளர்ப்புப் பறவையோடு யாராவது வெளியே வந்தால் நம்ம திருநெல்வேலியில் கேட்காமலேயே கை நீண்டுவிடுகிறது. வண்ணார்பேட்டை, டவுன் ரத வீதி, பாளையங்கோட்டை டீக்கடை பெஞ்சு என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான். தோளில் காக்டெய்ல் என்கிற கொண்டைக் கிளி ஒன்று உட்கார்ந்திருந்தால் போதும், “எய்யா, என்ன அழகா இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே முதுகைத் தடவிவிடுவார்கள். பிள்ளைகள் வாலை எட்டிப் பிடிப்பார்கள். கல்லூரிப் பையன்கள் செல்ஃபிக்காகத் தங்கள் தோளுக்கு மாற்றப் பார்ப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த ஆசையின் விலையைப் பறவைதான் கொடுக்கிறது.

பாளையங்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிற கால்நடை மருத்துவர் நான். ஆடு, மாடு, நாய், நாட்டுக்கோழி என்று வந்துகொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்ச காலமாகக் கூண்டுப் பறவைகளும் நிறைய வருகின்றன. என்ன நடந்தது என்று கேட்டால், “ஒண்ணுமில்ல சார், சும்மா ஒருத்தர் தொட்டுப் பாத்தாரு” என்றுதான் பல கதைகள் தொடங்குகின்றன.

மூச்சிலிருந்து தொடங்குகிறேன், உயிர் போவது அங்கேதான். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. அது இறங்கி ஏறுவதால் நாம் மூச்சு விடுகிறோம். பறவைக்கு அப்படி ஒன்று கிடையாது. அதன் நெஞ்செலும்பு துருத்தி மாதிரி வெளியே போய் உள்ளே வந்தால்தான் காற்றுப் பைகளுக்குள் காற்று போய் வரும். நெஞ்சைச் சுற்றிக் கை இறுகினால் துருத்தி நின்றுவிடும். மூக்கு, வாய், தொண்டை எல்லாம் திறந்தே இருந்தாலும் பறவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். கல்யாண வீட்டுக்குக் கூண்டோடு கொண்டுபோயிருந்த ஒரு பட்ஜீஸை, அதாவது நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிறோமே அதை, ஒரு சின்னப் பையன் கூண்டைத் திறந்து கையில் எடுத்திருக்கிறான். பறந்துவிடக் கூடாதே என்று கெட்டியாகப் பிடித்தும் இருக்கிறான். என்னிடம் வரும்போது உயிர் இல்லை. உடம்பில் ஒரு காயமும் இல்லை. “நாங்க ஒண்ணும் பண்ணலியே, பிடிச்சுத்தான வச்சிருந்தான்” என்று அந்தப் பையனின் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேஜையில் நான் ஒரு பறவையைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்தை வைத்து, தலையை அசையாமல் நிறுத்தி, முதுகு உள்ளங்கையில் படும்படி மல்லாத்துவேன். நெஞ்சின் மேல் எந்த விரலும் இருக்காது. “சார், கழுத்தப் போயி பிடிக்கீங்களே” என்பார்கள். பறவையின் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமானவை. இலேசான பிடியில் அவை நசுங்காது. கழுத்து பயப்பட வேண்டிய இடம், நெஞ்சு பத்திரமான இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நிஜம் நேர்மாறானது. இதைத் தெரியாத கைகள்தான் கடைவீதியில் பறவையை வாங்கிப் பார்க்கின்றன.

அடுத்தது பயம். கிளி இனம் காட்டில் இரையாகிற இனம். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பது சுற்றிலும் பார்த்துத் தப்பிக்கத்தான். மேலிருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்துதான், உங்கள் அன்பான கை உட்பட. பயந்த காக்டெய்லின் கொண்டை நட்டுக்க நிற்கும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, ஆளே இளைத்துப்போன மாதிரி தெரியும். உடம்பைப் பின்னால் சாய்க்கும், பிறகு சீறும். அதற்கும் கை நிற்காவிட்டால்தான் கடிக்கும். “கடிக்கிற கிளியா இது?” என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கடிக்கும் முன்னால் அது தன் பாஷையில் பல தடவை சொல்லிவிட்டது, நீங்கள்தான் கேட்கவில்லை.

காலில் சங்கிலி மாட்டிய பறவை திடுக்கிட்டுப் பறந்தால் சங்கிலி இழுத்த இழுப்பில் கால் எலும்பு முறிகிறது. இறகு வெட்டிய பறவை நேராகத் தரையில் நெஞ்சடித்து விழுகிறது. எதுவும் இல்லாத பறவை பறந்தே போய்விடுகிறது. நம்ம ஊர்க் காக்கைகள் புதுப்பறவையைச் சும்மா விடாது, வெயிலும் விடாது. வாலைப் பிடித்து இழுத்தால் வால் இறகு கொத்தாகக் கையோடு வந்துவிடும். புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்தால் ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பட்ஜீஸின் எடை 30 முதல் 40 கிராம். உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. நாம் “ரெண்டு சொட்டுதான” என்று நினைப்பது அதற்குச் சின்ன விஷயம் இல்லை.

முதுகைத் தடவுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் செய்வது அதைத்தான். பூனையைத் தடவிய பழக்கத்தில் பிடரியிலிருந்து வால் வரைக்கும் கையை ஓட்டுவார்கள். கிளி இனத்தில் முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தொடுகிற உரிமை அதன் ஜோடிக்கு மட்டும்தான். அந்தத் தொடுகை உடம்புக்குள் இனப்பெருக்கச் சுரப்புகளைக் கிளப்பிவிடும். மேலப்பாளையத்தில் ஒரு கடைக்காரர் பெண் காக்டெய்ல் ஒன்றைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்திருந்தார். வருகிற போகிற எல்லோரும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் சாமான் வாங்குவார்கள். ஆண் பறவையே இல்லாமல் அது முட்டை மேல் முட்டையாக இட்டது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து போகும். கடைசியில் ஒரு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ள, பறவை இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, கால்சியம் ஊசி போட்டு, ஒருவழியாக முட்டையை எடுத்தோம். மருந்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஸ்டாண்டை வீட்டுக்குள் கொண்டுபோவதுதான். “அண்ணாச்சி, மருந்து நான் தாரேன். ஆனா கல்லாவுல வச்சிய்யன்னா மறுபடியும் இங்கதான் வரணும்” என்றேன். கொண்டுபோய்விட்டார். வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொண்டார்களாம். பறவை தேறிவிட்டது.

இனி கையில் இருப்பதைப் பற்றி. காலையில் வீட்டுக் கோழிக்குத் தீனி வைத்த கை, கறிக்கடையில் கோழி வாங்கிய கை, சாயங்காலம் கிளியின் அலகுக்குப் பக்கத்தில் போகிறது. கோழிகளை வரிசையாகச் சாய்க்கிற வெள்ளைக் கழிச்சலை, அதாவது ராணிக்கெட் நோயை, உண்டாக்கும் வைரஸ் கிளி இனத்தையும் தாக்கும். அது கையிலும் துணியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு இடம் மாறும். கோழிக்கு அதைத் தடுக்க லசோட்டா சொட்டு மருந்து போடுகிறோம், கூண்டுக் கிளிக்கு யார் போடுகிறார்கள்? பீடி சுற்றுகிற ஊர்கள் நிறைந்த வட்டாரம் இது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் நாளெல்லாம் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்களின் விரலில் புகையிலைத் தூள் படிந்திருக்கும். சிகரெட் பிடிப்பவர் கையிலும் அதே நிகோட்டின்தான். அந்த விரலில் உட்காரும் பறவைக்குப் பாதத்தில் எரிச்சலும் புண்ணும் வரலாம், சில பறவைகள் தங்கள் இறகைத் தாங்களே பிடுங்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தால் போதும். முத்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் எச்சிலில் உள்ள பாக்டீரியாக்களில் சில பறவைக்கு ஆகாதவை. டவுனுக்கு வந்தவர்கள் கையிலிருக்கும் அல்வாவைக் கிள்ளி ஊட்டுவதும் வேண்டாம். அத்தனை நெய்யும் சர்க்கரையும் அந்தச் சின்ன ஈரலுக்குத் தாங்காது.

தொடுகிறவருக்கும் ஆபத்து உண்டு. கிளிக்காய்ச்சல் என்கிற சிட்டகோசிஸ், பறவையின் காய்ந்த எச்சத் தூளும் இறகுத் தூசியும் மூச்சோடு உள்ளே போவதால் மனிதருக்கு வருகிறது. 1929, 1930-ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள் வழியாக அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிப் பல உயிர்களை வாங்கியது. இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் இருப்பதால் குணமாகிவிடும், மருத்துவருக்குத் தெரிந்தால். காய்ச்சல், கடுமையான தலைவலி, வறட்டு இருமல் என்று போகும்போது பறவையோடு பழகியதையும் சொல்லுங்கள். கேட்காமல் தொட்டவருக்கு அந்தப் பறவை நோயாளியா, மருந்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நோயை மறைப்பது பறவையின் சுபாவம். முடிகிறவரைக்கும் தெம்பாக இருப்பது போலவே உட்கார்ந்திருக்கும்.

என் கிளினிக் பெஞ்சிலேயே இது நடக்கிறது. நாய் கண்ணில் படக்கூடாதென்று கூண்டின் மேல் துண்டைப் போட்டுப் பொத்திக் கொண்டுவந்திருப்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் “உள்ள என்னது?” என்று கேட்டுக்கொண்டே துண்டைத் தூக்குவார். மடியில் பூனையை வைத்துக்கொண்டே தூக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியிருக்கிற கூண்டு மூடியே இருக்கட்டும்.

ஆனால் என் வருத்தம் தொடுகிறவர்களைவிட, வாயைத் திறக்காத உரிமையாளர்கள் மேல்தான் அதிகம். முகதாட்சணியம். பெரியவர் ஆசையாகக் கை நீட்டுகிறார், சொந்தக்காரர் பிள்ளை கேட்டு அழுகிறது, எப்படி வேண்டாம் என்று சொல்வது? பறவை நடுங்குவது தெரிந்தே சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். “அண்ணாச்சி, தொடாதிய, புது ஆளுன்னா பயந்துக்கிடும்.” “எக்கா, பிள்ளைய அங்கன நின்னே பாக்கச் சொல்லுங்க, பட்டுன்னு கொத்திரும்.” சொல்லும்போதே ஓர் அடி பின்னால் போய், பறவை இருக்கிற தோளை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. கொஞ்சம் முகம் சுருங்கும், அவ்வளவுதான்.

பறவையைத் தள்ளி நின்று நேசிக்க நம் சீமைக்குத் தெரியாததும் இல்லை. நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது, 1994-இல் பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சத்தையும் வாடையையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருந்துவருகிறார்கள் அந்த ஊர் மக்கள். அந்தப் பக்குவத்தில் கொஞ்சம் கடைவீதிக்கும் வர வேண்டும்.

தொட ஆசையாக இருந்தால் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் அடுத்து பறவையிடம். கையை அதன் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே, மெதுவாக, பக்கவாட்டிலிருந்து கொண்டுபோங்கள். அது தானாகத் தலையைக் குனிந்து கொடுத்தால் தலையிலும் கன்னத்திலும் மட்டும் ஒரு விரலால் நீவிவிடலாம். விலகினால் விட்டுவிடுங்கள்.

வளர்ப்பவர்களுக்கு: ஆனித் தேரோட்டம், குற்றாலம் சீசன் மாதிரிக் கூட்டத்துக்குப் பறவையைக் கொண்டுபோகாதீர்கள். கொட்டுச் சத்தத்திலும் நெரிசலிலும் நீங்களே தடுத்தாலும் நிற்காத கைகள் இருக்கும். அவசியம் போகத்தான் வேண்டுமென்றால் தோள் வேண்டாம், பயணக்கூண்டு. நம்ம நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடமே வருகிறார்கள்.

யாராவது பிடித்து அமுக்கியோ இழுத்தோ விட்டிருந்தால், பறவையை உடனே இருட்டான, வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து அமைதியாக விடுங்கள். ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளார் என்கிற மக்காச்சோள மாவை வைத்துச் சுத்தமான துணியால் அந்த இடத்தை மட்டும் அழுத்துங்கள், நெஞ்சை அழுத்திவிடாதீர்கள். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ, வாயைத் திறந்தே மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றைக்கே கொண்டுபோங்கள். போகும்போது கூண்டின் அடியில் விரித்திருக்கும் பேப்பரைச் சுத்தம் செய்து மாற்றிவிடாதீர்கள். எச்சத்தின் நிறத்தையும் அளவையும் நாங்கள் பார்க்க வேண்டும், அதை அப்படியே மடித்து எடுத்து வாருங்கள்.