சக்கரத்தைத் தொடாத எஞ்சின்

ரயிலை இழுக்கும் டீசல் லோகோவுக்குள் உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கும், கீழே தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களுக்கும் நடுவே எந்தத் தண்டும் இல்லை, கியர்பெட்டியும் இல்லை. இருப்பவை தடித்த மின்கம்பிகள்தான். எஞ்சின் ஒரு பெரிய ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் ஒவ்வொரு அச்சோடும் பிணைந்திருக்கும் டிராக்ஷன் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார், ஒரே ஒரு ஜோடிப் பல்சக்கரத்தின் வழியாக, ரயிலை நகர்த்துகிறது. உலகில் ஓடும் பெரிய டீசல் லோகோக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ரயில் ஆர்வலர்களுக்கு இது பாலபாடம். ஆனாலும் இதை அக்கறையோடு கற்றவர்கள் தங்கள் சாதாரணக் காரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு எஞ்சினுக்கு எது நல்லது, எது கெட்டது என்பதை லோகோ மிகப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறது. அதே விதிகள்தான் நம் காரின் மூடிக்குக் கீழும் வேலை செய்கின்றன.

எரிபொருளை உள்ளே எரிக்கும் எந்த எஞ்சினுக்கும் பிறவிக் குறை ஒன்று உண்டு. நின்ற நிலையில் அதனால் துளி விசையும் தர முடியாது. சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். வண்டி நிற்கும்போதும் அது சுழன்றாக வேண்டும், ஆனால் சக்கரம் அசையக் கூடாது. காரில் இந்த முரண்பாட்டைக் கிளட்ச் சமாளிக்கிறது. சுழலும் தட்டும் நிற்கும் தட்டும் ஒன்றோடொன்று உரசி, சில நொடிகளில் ஒரே வேகத்துக்கு வருகின்றன. அந்த உரசல் முழுவதும் வெப்பமாகிறது. ஒரு டன் கார் என்பதால் தாங்குகிறது. மூவாயிரம் டன் சரக்கு ரயிலை இப்படிக் கிளப்ப நினைத்தால், வண்டி வேகம் எடுப்பதற்குள் தட்டுகள் எரிந்து தீர்ந்துவிடும்.

இதை மறந்து ஒரு லோகோவைச் செய்தும் பார்த்தார்கள். 1912-இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் – ரோமன்ஸ்ஹோர்ன் பாதையில் சோதிக்கப்பட்ட முதல் பெரிய டீசல் லோகோவில், எஞ்சின் நேரடியாகச் சக்கரங்களோடு இணைக்கப்பட்டிருந்தது. ருடால்ஃப் டீசலும் சுல்சர் நிறுவனமும் அதில் கைகோத்திருந்தார்கள். நின்ற இடத்திலிருந்து வண்டியை நகர்த்த அழுத்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குள் செலுத்த வேண்டும். ஓரளவு வேகம் வந்த பிறகுதான் டீசல் பற்றும். சேமித்து வைத்த காற்றை நம்பிக் கிளம்பும் லோகோ அன்றாடச் சேவைக்கு நிற்கவில்லை. எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சக்கரத்தோடு கட்டிப்போட்டதுதான் கோளாறு.

மின் மோட்டாரின் குணம் இதற்கு நேர் எதிர். பழைய நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டார் நின்ற நிலையில்தான் அதிகபட்ச முறுக்கு விசையைத் தரும். அது சுழலத் தொடங்கியதும் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கிக்கொள்ளும். வேகம் கூடக் கூட அந்த எதிர்ப்பு கூடும், உள்ளே பாயும் மின்னோட்டம் குறையும், விசையும் தானாகத் தணியும். கிளம்பும்போது பெருவிசை, ஓடும்போது குறைந்த விசை என்பதுதான் ரயிலுக்குத் தேவை. மோட்டார் இதை யாரும் சொல்லாமலே செய்கிறது.

கணக்கில் பார்த்தால் இதன் அழகு இன்னும் தெளிவாகும். விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் திறன். சக்கரத்தில் 2,000 கிலோவாட் தரும் லோகோ மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 72 கிலோநியூட்டன் விசையோடு இழுக்கும். அதே திறனில் வேகம் 20 கி.மீ.க்கு இறங்கினால் விசை 350 கிலோநியூட்டனைத் தாண்டும். கியர் எதையும் மாற்றாமல் இந்த மாற்றம் இடைவெளியின்றி நடக்கிறது.

அப்படியென்றால் 5 கி.மீ. வேகத்தில் விசை இன்னும் நான்கு மடங்கு ஆகுமா? ஆகாது. அங்கே எஞ்சினின் ஆட்சி முடிந்து, உராய்வின் ஆட்சி தொடங்குகிறது. உலர்ந்த தண்டவாளத்தில் எஃகும் எஃகும் பற்றிக்கொள்ளும் விசை, சக்கரத்தின் மீதுள்ள எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதைவிடச் சற்றுக் குறைவோதான். 120 டன் லோகோ ஏறக்குறைய 350 கிலோநியூட்டனுக்கு மேல் இழுக்க முயன்றால் சக்கரம் வழுக்கும். மழைத்தூறலோ காய்ந்த இலையோ இருந்தால் அதற்கும் முன்பே வழுக்கும். அதனால்தான் இன்றைக்கும் லோகோக்களில் மணல் பெட்டி இருக்கிறது. கணினிக் கட்டுப்பாடு நிறைந்த புதிய லோகோக்கள் சக்கரத்தைத் தண்டவாளத்தின் வேகத்தைவிடத் துளி அதிகமாகச் சுழலவிடுகின்றன. அந்த மெல்லிய நழுவலில்தான் பிடிமானம் உச்சத்தில் இருக்கிறது.

எஃகின் மேல் எஃகு உருள்வதில் ஒரு வரமும் இருக்கிறது. சமதளத்தில் ஒரு டன் ரயிலை மெதுவாக உருட்டிச் செல்ல இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். ரப்பர் டயர் கொண்ட காருக்கு ஒரு டன்னுக்குப் பத்துக் கிலோவாவது வேண்டும். ஆனால் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் வந்துவிட்டால், கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவு ரயிலின் சுமையை ஆறு மடங்காக்கிவிடும். மேலே சொன்ன 120 டன் லோகோ அங்கே மூவாயிரம் டன்னோடு தன் வல்லமையின் விளிம்பில் நிற்கும். சரக்கு ரயில் ஒன்று ஏற்றத்தில் முக்கி முக்கி ஏறுவதை ஆர்வலர்கள் ஏன் மணிக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் காட்டுவேன்.

காருக்கான பாடம் லோகோ பைலட்டின் கைப்பிடியில் தொடங்குகிறது. காரின் ஆக்ஸிலரேட்டர் எஞ்சினுக்கு எவ்வளவு தீனி போட வேண்டும் என்று சொல்கிறது. அது எந்த வேகத்தில் சுழலும் என்பது கியரையும் சாலையையும் பொறுத்தது. லோகோவின் கைப்பிடியில் பொதுவாக எட்டு நாட்ச்கள், அதாவது எட்டுப் படிகள். ஒவ்வொரு நாட்சும் எஞ்சின் எந்த வேகத்தில் சுழல வேண்டும், எவ்வளவு சுமையை ஏற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. கவர்னர் என்ற கருவி அந்த வேகத்தைக் காக்கும். சுமை கூடினால் டீசலைக் கூட்டும். அந்த நாட்சுக்கு அனுமதித்த அளவைச் சுமை தாண்டப் பார்த்தால், ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்தைக் குறைத்துச் சுமையையே இறக்கிவிடும். ரயில் எவ்வளவு திணறினாலும் எஞ்சின் திணறாது. சக்கரத்திலிருந்து விடுதலை பெற்றதற்கு எஞ்சினுக்குக் கிடைத்த பரிசு இதுதான்.

சாதாரணக் காரில் இந்தக் கவர்னரின் வேலையை ஓட்டுநரே பார்க்க வேண்டியிருக்கிறது. கியர் மாற்றச் சோம்பல்பட்டு, உயர் கியரிலேயே குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏற்றம் ஏறுபவர்கள் நிறையப் பேர். டீசல் மிச்சம், எஞ்சினுக்கும் ஓய்வு என்று நினைத்துச் செய்கிறார்கள். மெதுவாகச் சுழலும் தாங்கிகளில் (பேரிங்) ஆயில் படலம் மெலிந்திருக்கும் நேரத்தில்தான் சிலிண்டரின் முழு அழுத்தமும் அவற்றின் மேல் இறங்குகிறது. டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின்களில் எரிபொருள் நேரம் தவறிப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இந்த நிலையில்தான் அதிகம். ஒரு கியர் இறக்கினால் சத்தம் கூடும். பாரம் குறையும்.

சத்தத்தையும் சுற்றுகளையும் கண்டு பயப்படத் தேவையில்லை என்பதற்கும் லோகோவே சாட்சி. அமெரிக்க லோகோ நிறுவனமான ஈ.எம்.டி.யின் புகழ்பெற்ற 710 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 710 கன அங்குலம், அதாவது 11.6 லிட்டர், பதினாறு சிலிண்டருக்கு 186 லிட்டர். முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்றுதான். யானை நடை என்று தோன்றும். ஆனால் அதன் பிஸ்டன் ஒரு வீச்சில் 279 மில்லிமீட்டர் போகிறது. கணக்கிட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8.4 மீட்டர். 80 மில்லிமீட்டர் வீச்சுள்ள சிறிய கார் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது அதன் பிஸ்டன் வேகம் நொடிக்கு 8 மீட்டர். சூடேறிய கார் எஞ்சினுக்கு 3,000 சுற்று என்பது, லோகோ நாள் முழுவதும் பார்க்கும் வேலைக்கு ஒப்பான நிதான ஓட்டம்தான்.

சூடேறிய எஞ்சின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். லோகோ எஞ்சின்களின் பெரிய எதிரி நெடுந்தூர ஓட்டம் அல்லவே அல்ல. 1939-இல் அமெரிக்காவில் ஈ.எம்.சி. (பின்னாளின் ஈ.எம்.டி.) தன் எஃப்.டி. ரகச் சரக்கு லோகோவைச் செய்முறை விளக்கத்துக்காக ஊர் ஊராக அனுப்பியது. பதினோரு மாதங்களில் இருபது ரயில் நிறுவனங்களின் பாதைகளில் 1,34,000 கி.மீ.க்கு மேல் அது சரக்கு இழுத்தது. நீராவி லோகோவின் காலம் முடிந்தது என்று ரயில்வேக்கள் உணர அந்த ஓட்டம் பெரும் காரணம். இடைவிடாமல் உழைத்த எஞ்சின் கெட்டுப்போகவில்லை.

வேலையில்லாமல் ஐடிலில் நிற்கும்போதுதான் டீசல் எஞ்சினுக்கு நோய் பிடிக்கிறது. சிலிண்டர் போதிய சூடு பெறாததால் டீசல் முழுதாக எரியாது. பிஸ்டன் வளையங்கள் இறுக்கமாக அமராததால் ஆயில் மேலே கசியும். இந்தக் கலவை புகைப்போக்கியில் பிசுபிசுப்பாகப் படியும். பிறகு ஒருநாள் உயர் நாட்சுக்குப் போனதும் கரும்புகையோடு, சில வேளை தீப்பொறியோடும், அது வெளியேறும். புகைப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டம், லோகோவைப் பராமரிக்கும் ஷெட் ஊழியர்களுக்குத் திண்டாட்டம். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் லோகோக்களை அணைக்காமலே விட்டுவைத்த வழக்கத்துக்குக் காரணம் உண்டு. அவற்றின் குளிர்விப்பு நீரில் உறைதடுப்புத் திரவம் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அது கசிந்து ஆயிலில் கலந்தால் தாங்கிகள் பாழாகும். இப்போது நீரின் வெப்பம் குறையும்போது எஞ்சினைத் தானே இயக்கி, பிறகு தானே அணைக்கும் கருவிகள் வந்துவிட்டன.

காரில் இதே நோயின் பெயர் குறுந்தூர ஓட்டம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உருவாகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாகப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துவிட்டால் அதில் ஒரு பங்கு சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும், கூடவே எரியாத பெட்ரோலும். டீசல் காரில் நிலைமை இன்னும் மோசம். அதன் கரிவடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள அறுநூறு டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போய்வரும் காரில் அந்த வெப்பம் எட்டப்படுவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினை நிறுத்திவைத்தே வெகுநேரம் உறுமவிடுவதும் தீர்வாகாது, அது மிக மெதுவாகத்தான் சூடேறும். கிளப்பிச் சில நொடிகளில் மெதுவாகப் புறப்பட்டு, சூடேறும் வரை மென்மையாக ஓட்டுவதே சரி. வெப்பமானி நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேற இன்னும் சில நிமிடங்கள் ஆகும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடவிடுங்கள்.

லோகோ ஷெட்டுகளிடம் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் ஆயில் பரிசோதனை. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே போன்றவை, பழைய ஆயிலை எரித்து அதன் நிறமாலையைப் படித்து, எஞ்சினைத் திறக்காமலே உள்ளே என்ன தேய்கிறது என்று கண்டுபிடிக்கத் தொடங்கின. இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பும் ஈயமும் தெரிந்தால் தாங்கி. சிலிக்கான் என்றால் காற்று வடிகட்டி தூசியை விடுகிறது. சோடியம் தெரிந்தால் குளிர்விப்பு நீர் கசியக்கூடும். ஆயில் ஒரு எஞ்சினின் ரத்தம் என்ற ஒப்புமை இங்கே மிகையே இல்லை. இதே சோதனையைக் கார் ஆயிலுக்கும் செய்து தரும் ஆய்வகங்கள் உண்டு. எஞ்சினைப் பிரிக்கும் செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை.

இவ்வளவு நல்ல மின் இணைப்பைக் காரில் ஏன் வைக்கவில்லை? எடைதான் முதல் காரணம். லோகோவுக்கு எடை வேண்டும்; அதுதான் பிடிமானம். காருக்கு ஒவ்வொரு கிலோவும் சுமை. இரண்டாவது, இயந்திர ஆற்றலை மின்சாரமாக்கி மீண்டும் இயந்திர ஆற்றலாக்கும்போது பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு நேரும். நெடுஞ்சாலையில் கியர்பெட்டி அதைவிடச் சிக்கனமானது. ஆனால் நின்று நின்று போகும் நகரப் பாதையில் கணக்கு மாறுகிறது. 2016-இல் ஜப்பானில் நிசான் கொண்டுவந்த ஈ-பவர் கார்களில் பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் மட்டுமே தயாரிக்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். லோகோவின் அதே ஏற்பாடு, நடுவில் ஒரு பேட்டரி கூடுதல். இறக்கத்தில் லோகோ தன் மோட்டார்களை ஜெனரேட்டர்களாக்கி, பிறக்கும் மின்சாரத்தை மேற்கூரை மின்தடைகளில் வெப்பமாக வீணடித்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இந்தக் கார் அதைப் பேட்டரியில் சேமித்துக்கொள்கிறது. அந்த ஒரு விஷயத்தில் சின்னக் கார் பெரிய லோகோவை மிஞ்சிவிட்டது.

பழைய கார் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கிலோமீட்டர். எஞ்சின் பட்ட பாடு அதில் பாதிதான் தெரியும். நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. போன எஞ்சின் 167 மணி நேரம் ஓடியிருக்கும். நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் அதே தூரம் போனது 500 மணி நேரம் ஓடியிருக்கும், அதில் பாதி நேரம் சூடேறாமலோ ஐடிலிலோ கழிந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே தூரத்தில் ஆயில் மாற்றச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நகரத்துக் காருக்குக் கையேட்டில் கடுமையான பயன்பாடு என்று குறிப்பிட்டிருக்கும் குறுகிய இடைவெளியைத்தான் நான் பின்பற்றச் சொல்வேன். விற்பனைக்கு வரும் இரண்டு கார்களில் ஒன்று தினமும் ஊர் விட்டு ஊர் போய்வந்து லட்சம் கிலோமீட்டர் கண்டது, மற்றொன்று பள்ளிக்கும் கடைக்குமாக முப்பதாயிரம் மட்டுமே ஓடியது என்றால், பராமரிப்புப் பதிவுகள் சரியாக இருக்கும் பட்சத்தில் லட்சம் ஓடியதை வாங்கும் எண்ணத்தோடு அதன் ஆயில் மூடியைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.