சுரங்க நிலத்தில் களைக்கு மருந்து தேடும் முன் மேல்மண் குவியலைப் போய்ப் பாருங்கள்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த நிலங்களில் புல்லும் மரமும் வளர்க்க ஆலோசனை சொல்லப் போனால், இறங்கியதும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "சார், இந்தப் பார்த்தீனியக் களைக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து கிடக்கட்டும், மேல்மண்ணை எங்கே குவித்து வைத்திருக்கிறீர்கள், அதை முதலில் காட்டுங்கள் என்பேன். பெரும்பாலும் அந்தக் குவியல் முழுக்க பார்த்தீனியம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும்.

சுரங்கம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து நிலச் சீரமைப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. எடுத்து வைக்கிறார்கள், ஆனால் வைத்ததோடு மறந்துவிடுகிறார்கள். ஒரு பார்த்தீனியச் செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும். மூன்று நான்கு வருடம் சும்மா கிடந்த குவியலை அப்படியே வாரி நிலத்தில் பரப்பினால் மண்ணைப் பரப்பியதாக ஆகாது, களையை நாமே கூலி கொடுத்து விதைத்ததாகத்தான் ஆகும். உயரமாகக் குவித்த மண்ணின் அடிப்பகுதியில் காற்று புகாமல் நுண்ணுயிர்களும் செத்துப்போகும், அப்புறம் அந்த மண்ணில் நட்ட கன்று எப்படித் தேறும்?

அதனால் குவியலைத் தாழ்வாகப் போடுங்கள், போட்ட முதல் மழையிலேயே பசுந்தாள் உரச் செடிகளான சணப்போ தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ தூவிவிடுங்கள். தக்கைப்பூண்டு களர் மண்ணையும் தாங்கும். நெருக்கமாக முளைத்தால் கீழே வெயில் விழாது, பார்த்தீனியம் தலை தூக்காது, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். இதற்கு ஆகும் விதைச் செலவு, பிறகு வருடக்கணக்கில் களையெடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இனி, செய்யக்கூடாத இரண்டு. சாலையோரப் பார்த்தீனியத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பு கரைத்து அடிக்கச் சொல்வது உண்டு. தரிசுக்கும் ரோட்டோரத்துக்கும் அது சரி, நாளைக்குக் கன்று நடப்போகிற மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள். இரண்டாவது, களைக்கொல்லி. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவு மண்ணில் மட்கு மிகக் குறைவு, மருந்தைப் பிடித்து வைக்க அங்கே அதிகம் எதுவும் இல்லை, ஒரு மழையில் வழிந்து சுரங்கக் குழியில் போய்ச் சேரும். அந்தக் குழித் தண்ணீரைத்தான் ஊர் ஆடு மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கையால் பிடுங்குவதே நல்லது. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, பூக்கும் முன், வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை மட்க வைத்து எருவாக்கலாம். பிடுங்குகிற பெண்களுக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் கொடுங்கள், ஏனென்றால் பார்த்தீனியம் பட்டுப்பட்டு வருகிற தோல் அரிப்பு சிலருக்கு ஆறவே ஆறாது. கை, கழுத்தெல்லாம் தடித்துப்போன ஒரு அக்கா இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறார்.

ஆனால் சரிவில் பிடுங்காதீர்கள். பல வருடம் முன் ஒரு கழிவு மேட்டில் ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாக் களையையும் வழித்தெடுக்க நானே ஒப்புக்கொண்டேன். ஒரே இரவு மழை, காலையில் போய்ப் பார்த்தால் மேட்டில் ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஓடை வெட்டியிருந்தது, நட்ட கன்றுகள் அடிவாரச் சேற்றில் கிடந்தன. அன்றிலிருந்து சரிவில் களையை அறுக்க மட்டுமே சொல்கிறேன், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும், இடையில் கொழுக்கட்டைப் புல்லைப் போட்டு அது பரவிய பிறகு மற்றதைக் கவனிக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் அந்தப் புல் நன்றாக வரும். மரத்தில் வேம்பு, புங்கன், வெள்வேல் போதும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் களையைக் குறை சொல்லாதீர்கள், அது இரும்புச்சத்துக் குறை.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் மறுபடியும் புல் வளர்த்து, தீவனம் விளையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே வைக்கச் சொன்னது. தீவனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். போட்டோவில் பார்த்தீனியமும் பச்சையாகத்தான் தெரியும், மாடு அதில் வாய் வைக்காது.

சீமைக்கருவேலம் வேறு கதை. வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளையாக வரும், அதனால் தரைக்குக் கீழே ஓரடி தோண்டி வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வேலி இல்லையென்றால் பயனில்லை. நெற்று தின்ற ஆடு உள்ளே வந்து புழுக்கை போடும், அதிலிருந்து அடுத்த மழைக்கே முளைத்துவிடும். முதல் மூன்று வருடம் ஆட்டை உள்ளே விடாதீர்கள். அதுவரை புல்லை அறுத்து ஊருக்குக் கொடுங்கள், மேய்ப்பவர்களே வேலியைக் காப்பார்கள்.